அந்தியோகியா போனா போகட்டும்

நேத்து ராத்திரி ஒரு மணிக்கு அந்தியோகியா என் கையை விட்டுப் போச்சு. நாலாவது தடவை.

பதறாதீங்க மக்களே, "ரோம்: டோட்டல் வார்" பத்திதான் சொல்றேன். 2004-ல வந்த விளையாட்டு. அப்ப நான் அரை டிரவுசர் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தேன். 2021-ல தூசு தட்டி, மெருகேத்தி மறுபடி விட்டாங்க. அதுல விழுந்தவன் இன்னும் எழுந்திரிக்கலை :-)

கதை சிம்பிள். கி.மு. 270. ரோமாபுரியில அதிகாரத்துக்கு அடிச்சுக்கிற மூணு குடும்பம். ஒண்ணை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா பிடிக்கணும். ரோமையும் சேர்த்து 50 மாகாணம் வந்தா ஜெயிச்சாச்சு. வருஷத்துக்கு ரெண்டு டர்ன், கோடைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு.

நான் எடுத்தது புரூட்டை குடும்பம். முதல்ல கையில ரெண்டே ஊர், டாரன்டமும் குரோட்டனும். ஒரு டர்ன் முடிக்க ரெண்டு நிமிஷம். அப்புறம் கிரேக்கம் வந்தது, ஆசியா மைனர் வந்தது, சிரியா வந்தது. 34 ஊர் ஆனப்ப ஒரு டர்னுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. சண்டை போடறதுக்கு இல்லைங்க. எங்க சாக்கடை கட்டணும், எங்க வரி குறைக்கணும், எந்த ஊர்ல காவலுக்கு ஆள் பத்தலைன்னு பாக்கறதுக்கு!

ஊர் பெருசாக ஆக அழுக்கு கூடும், ஜனங்க முறைப்பாங்க. நாம வேற நாகரிகம்னு அதுக்கு ஒரு கோபம். எல்லாத்துக்கும் மேல, தலைநகரம் எவ்ளோ தூரமோ அவ்ளோ அதிருப்தி, அவ்ளோ ஊழல். சரின்னு தலைநகரைக் கிழக்கே தள்ளி வெச்சா, இத்தாலிக்காரன் கத்த ஆரம்பிப்பான். அந்தியோகியாவுல வரியைக் குறைச்சேன், கோயில் கட்டினேன், படையைக் கொண்டுபோய்க் கொட்டினேன். வரவை விட காவல் செலவு ஜாஸ்தி. அப்படியும் கலகம். திரும்பப் பிடிச்சதும் "கொன்னு குவிக்கவா?"ன்னு ஒரு பட்டன் வரும். கூட்டம் குறைஞ்சா அழுக்கு குறையும், ஊர் அடங்கும். மூணாவது தடவை யோசிக்காம அதை அமுக்கிட்டேன். அமுக்கின பிறகுதான் கொஞ்சம் என்னமோ மாதிரி இருந்துச்சு.

ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ஒரு கேள்வி வரும், எல்லா ஊரையும் நீயே பாத்துக்கிறியான்னு. டிக் பண்ணலைன்னா, ஆளுநர் இல்லாத ஊரை கம்ப்யூட்டரே பாத்துக்கும். நான் டிக் பண்ணாம ஆடினதே இல்லை. வேற எவனோ எங்கயோ தேவையில்லாத கட்டடம் கட்டினா எனக்குத் தூக்கம் வராது.

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை. கி.பி. 110 வாக்குல டிராஜன் பேரரசர், பிளினிங்கிறவரை பித்தினியாவுக்கு (இன்னிக்கு துருக்கியோட வடக்குப் பக்கம்) ஆளுநரா அனுப்பினார். ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட கடிதங்கள் இன்னும் இருக்கு. நிகோமீடியாவுல பெரிய தீ விபத்து, 150 பேரை வெச்சு தீயணைப்புக் குழு அமைக்கலாமான்னு பிளினி கேக்கறார். வேணாம், குழுன்னு சேர்ந்தா அரசியல் பேச ஆரம்பிச்சுடுவாங்க, சாமான் மட்டும் வாங்கி வைன்னு பதில். கட்டடக் கலைஞர் அனுப்புங்கன்னா, அங்கயே ஆள் இருப்பாங்க, தேடிப்பாருன்னு பதில். படிச்சப்ப பிளினியை நினைச்சு சிரிச்சேன். இதெல்லாமா கேப்பாங்க?

அப்புறம் ஆபீஸ் ஞாபகம் வந்துச்சு, சிரிப்பு நின்னுடுச்சு.

இந்த வருஷம் என்னை டீம் லீட் ஆக்கினாங்க. அஞ்சு பேர். ஒவ்வொருத்தர் கோடையும் வரி வரியா பாப்பேன். பாதியை நானே திருத்திடுவேன், அதான் சீக்கிரம் முடியும். அக்கா கல்யாணத்துல மேடைக்குப் பின்னாடி லேப்டாப்போட உக்காந்திருந்தேன். அம்மா வந்து ஒண்ணும் சொல்லலை, பாத்துட்டுப் போனாங்க. திட்டியிருந்தாலே தேவலை.

போன மாசம் டீம்ல இருக்கிற பொண்ணு ஒரு பிழையைக் கொண்டுவந்து காட்டினா. "நீ என்ன நினைக்கிற?"ன்னு கேட்டேன். கிண்டலே இல்லாம, சாதாரணமா சொன்னா: "நான் யோசிக்கலைங்க. எப்படியும் நீங்க மாத்திடுவீங்கல்ல?"

நல்லா யோசிக்கிற பொண்ணுங்க அது. சேர்ந்த புதுசுல என்கிட்ட சரிக்குச் சரி வாதாடினவ. யோசிக்கறதை நிறுத்த வெச்சது நான். பிளினி அத்தனை கேள்வி கேட்டதுக்கும் பாதிக் காரணம் டிராஜனா இருக்குமோன்னு அன்னிக்குத்தான் தோணுச்சு.

அடுத்த ரிலீஸை அவகிட்டயே விட்டேன். நான் தொடலை. ராத்திரி பத்து மணிக்கு ஒண்ணு உடைஞ்சுது. போனைக் கையில வெச்சுக்கிட்டு வேர்த்துக் கொட்டி உக்காந்திருந்தேன். பதினோரு மணிக்கு அவளே சரி பண்ணிட்டு மெசேஜ் போட்டா. நான் பண்ணியிருந்தா வேற மாதிரி பண்ணியிருப்பேன். ஆனா அவ பண்ணினது ஓடுது.

டிராஜன் கி.பி. 117-ல செத்ததும் அடுத்து வந்த ஹேட்ரியன் செஞ்ச முதல் வேலைகள்ல ஒண்ணு, புதுசா பிடிச்ச மெசபடோமியாவை விட்டுட்டு வந்தது. நிறைய பேருக்குப் பிடிக்கலை. ஆனா சாம்ராஜ்யம் ஒண்ணும் கவுந்துடலை.

நேத்து ராத்திரியும் அதான். கலகக்காரங்க துரத்திவிட்ட என் படை ஊருக்கு வெளிய நின்னுச்சு. வழக்கம்போல முற்றுகை போடப் போன கை, நின்னுச்சு. படையைக் கூட்டிட்டு டார்சஸுக்குப் போயிட்டேன். காவல் பலமானதும் அங்க முகம் பச்சையாச்சு.

அடுத்த ஆட்டத்துல அந்த டிக்கைப் போடப் போறதில்லை. கம்ப்யூட்டர் எங்கயாவது தேவையில்லாத கட்டடம் கட்டும்தான். கட்டிட்டுப் போகட்டும்.

டிஸ்கி: மேல சொன்னது சத்தியமா உண்மை. ஆனா குரோட்டன் மட்டும் நானே பாத்துப்பேன். சொந்த ஊரு மாதிரிங்க அது :-)