வாப்பாவின் எருக்குழி

ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில், இரவின் அமைதியில் அருவியோசை கேட்கும் தொலைவில், எம் குடும்பத்திற்குச் சிறு தோட்டமொன்று உண்டு. நான்கு தென்னை, ஒரு நெல்லி, சில வாழை, கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல் ஆகியனவே அதன் செல்வம். அதன் மூலையில் மூன்றடி ஆழக் குழியொன்றை வாப்பா அவர்கள் வெட்டி வைத்திருந்தார்கள். காய்கறித் தோல், சருகு, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை யாவும் அக்குழிக்கே செல்லும்.

வாப்பா மறைந்தபின், சாரல் காலத்தில் வரும் விருந்தினரின் ஊர்திகளை நிறுத்த இடம் வேண்டுமெனக் கருதி, அக்குழியை மண்ணிட்டு மூடினோம். அன்று அதனை ஒரு சீர்திருத்தமாகவே எண்ணினோம். உழுவதினும் எருவிடுதலே மேலென வள்ளுவர் கூறும் உழவு அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிய நாமே, வீட்டிலிருந்த எருக்குழியை மூடியவர்களானோம்!

குழிக்கு மாற்றாகக் கடையில் யூரியா வாங்கித் தூவினோம். அதில் தழைச்சத்து 46 விழுக்காடு. நீரில் எளிதில் கரையும் தன்மையது. முதலில் இலைகள் கரும்பச்சையாய்த் தழைத்தன. அவரையின் இளந்தளிர்களில் அசுவினி மொய்த்தது. பின்னர் அடைமழை பெய்தது; சில வாரங்களில் செடிகள் வெளிறின. இட்ட உரம் எங்கே சென்றது? மழைநீரோடு ஓடிற்று. இம்மலைச்சாரலின் நீர் சிற்றாற்றில் சேர்ந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கிறது. நம் தோட்டத்தில் கரைவது நம் வேலியோடு நின்றுவிடுவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

நாணத்தோடு குழியை மீண்டும் தோண்டினோம். அதிலும் தவறினோம். மழைநீர் குழியில் தேங்க, காற்றுப் புகாது கழிவுகள் அழுகி, அண்டை வீட்டார் மூக்கைப் பொத்தும் நிலை வந்தது. அப்போது உம்மா அமைதியாகச் சொன்னார்கள்: “உங்க வாப்பா மழைக்காலத்துல குழியில போடமாட்டாக. மேட்டுல குவிச்சு, ஓலையப் போட்டு மூடிருவாக.”

இத்தனை ஆண்டுகள் அதனைக் கண்டும் நாம் கருத்தில் கொள்ளவில்லை. பின்னர் நூலகத்தில் தேடியபோது, ஆங்கில வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் ஆய்ந்து 1931இல் வெளியிட்ட முறையிலும், கோடையில் குழி, மழையில் தரைமேற் குவியல் என்றே கண்டோம். அவரும் நம் நாட்டு உழவர்களிடம் பாடம் கேட்டவரே. பள்ளி செல்லாத உம்மாவின் நாவில் இருந்த அறிவைப் பட்டம் பெற்ற நாம் நூலகத்தில் தேட நேர்ந்தது!

இன்று எம் தோட்டத்து மேட்டில் சருகு ஓரடுக்கு, சமையற்கழிவு ஓரடுக்கு, சிறிது சாணக் கரைசல், மேலே மண் எனக் குவிக்கிறோம். கையிலெடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாத அளவே ஈரம் வேண்டும். பதினைந்து நாட்களுக்கொருமுறை புரட்டினால், மூன்று திங்களில் மண்மணம் கமழும் எரு கிடைக்கும். மட்காத பச்சைச் சாணத்தை வேரருகில் இடலாகாது, செடி கருகும். மீன்கழிவோடு சம எடை வெல்லம் சேர்த்து, மூடிய கலத்தில் ஏறத்தாழ ஒரு திங்கள் ஊறவைத்து, லிட்டர் நீருக்கு 5 மி.லி. வீதம் தெளிக்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக் கழிவுகளைத் தெருவில் எறியாது, கிணற்றுக்குத் தொலைவே, தென்னைகளினிடையே ஆழப் புதைக்கிறோம். விருந்தினர் ஊர்திகள் இப்போது வாசலுக்கு வெளியே நிற்கின்றன. எவரும் குறைபட்டுக் கொள்ளவில்லை.

நட்ட மரத்தின் பயனை மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மரம் நிற்கும் மண்ணைப் பேணுவதும் அத்தர்மத்தைச் சேர்ந்ததே எனக் கருதுகிறோம். மண் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெற்றதை அதற்கே திருப்பித் தருதல் நம் கடமை.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் இல்லம் செல்லும்போது, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அருகே சற்று நேரம் அமருங்கள். முன்பு வீட்டுக் குப்பையை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எம் வாப்பாவிடம் நாம் கேட்கத் தவறினோம். உம்மா இருந்ததால் பிழைத்தோம்.