காது நல்லாயிருக்கு... மூளைக்குக் கேட்குதா?

இரண்டு வயதாகியும் பேசாத பேரனைப் பற்றிக் கேட்டால், திண்டுக்கல் பக்கத்துப் பாட்டிகள் கவலையே படமாட்டார்கள். ''இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்'' என்பார்கள். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்காது. யாருமில்லாத நேரத்தில் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டிப் பார்ப்பாள். ஒருநாள் திரும்பும், மறுநாள் திரும்பாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே ஒரு சோதனையில் விடை கிடைத்துவிடாது. ஓ.ஏ.இ. சோதனையில் காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். உள்காது நன்றாக இருந்தால், அது பதிலுக்குச் சன்னமாக ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். பெரா சோதனை அதற்கடுத்த கட்டம். தூங்கும் குழந்தையின் தலையில் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, 'டிக் டிக்' சத்தத்துக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகளைப் பதிவுசெய்வார்கள். முதல் சோதனை சரியாக வந்து, இரண்டாவது சரியாக வராவிட்டால், காது வாங்கிய ஒலி நரம்பு வழியில் சிதைகிறதோ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால், 'காது நல்லாயிருக்கு' என்று அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மூளை ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே பாடுதான். ஒலிக்கு மூளை எப்போது அசைகிறது என்பதை இ.இ.ஜி. மில்லி செகண்ட் கணக்கில் சொல்லும். எந்த இடம் என்பதைத் துல்லியமாகச் சொல்லாது. எஃப்.எம்.ஆர்.ஐ. இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் காட்டும். ஆனால், அது பார்ப்பது ரத்த ஓட்டத்தை. அது உச்சம் தொடவே 5, 6 விநாடிகள் ஆகும். போதாக்குறைக்கு அந்த இயந்திரமே பெருஞ்சத்தம் போடும். அதனால் இயந்திரத்தைச் சற்று ஓயவிட்டு, அமைதியில் ஒலியைக் கேட்கவைத்து, ரத்த ஓட்டம் ஏறும் நேரம் பார்த்துப் படமெடுக்கிறார்கள். இரண்டையும் சேர்க்கும்போதுதான் 'எப்போது', 'எங்கே' இரண்டும் தெரிகிறது. வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டுமே, அதுபோல. பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு இதை விளக்கவா வேண்டும்?

காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளுக்கு உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பது சிக்கல். அவர்களிடம் இ.இ.ஜி.யோடு, தலையில் ஒளியைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அறியும் முறையைச் சேர்க்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே, காத்திருக்காதது காலம்தான். பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்பாடு, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. கருவி ஒலியைத்தான் கொடுக்கும். அதைச் சொல்லாக மாற்ற, மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சியும் சலிக்காமல் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு வீடும் வேண்டும்.