இருவாட்சியின் பொந்தும் ஒரு மாணவனின் கேள்வியும்

மாமியாரை வெறுத்த மருமகன் ஒருவன், அவர் வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்தானாம். அதனால் பறவையாக மாறினானாம். தலைக்கவச இருவாட்சிக்கு மலாய் மக்கள் ‘தெபாங் மெந்துவா’ எனப் பெயரிட்டதற்குச் சொல்லும் கதை இது. அதன் கூவல் கோடரி வெட்டுப்போல் ஒவ்வொன்றாக விழுந்து, வேகம் கூடி, இறுதியில் பெருஞ்சிரிப்பாக முடியும். ஒலிப்பதிவை வகுப்பில் ஒலிக்கவிட்டேன். மாணவர்கள் சிரித்து அடங்க ஐந்து நிமிடமாயிற்று.

இப்பறவை 2015ஆம் ஆண்டில் ‘மிக அருகிய இனம்’ என அறிவிக்கப்பட்டது. மற்ற இருவாட்சிகளின் அலகுக் கொண்டை உள்ளீடற்றது, இதனுடையதோ கெட்டியானது. தந்தம்போல் செதுக்கலாம் என்பதே இதற்கு எமனாயிற்று. மேற்குக் கலிமந்தானில் மட்டும் 2013இல் ஏறத்தாழ 6000 பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியே ஆண் பறவை அத்திப்பழம் ஊட்டும். ஏறத்தாழ ஐந்து மாதம் இப்படியே கழியும்; வளர்வது ஒரே குஞ்சு. வேடன் ஆணைச் சுட்டால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன? பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது சற்று நிதானமாகச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி அழுதுவிட்டாள்.

தீர்வு என்னவென்று கேட்டால், ‘மரம் நடுவோம்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை. இருவாட்சியால் பொந்து குடைய இயலாது. முதிர்ந்த பெருமரத்தில் தானாக உண்டான பொந்துதான் அதற்கு வேண்டும். இன்று நடும் கன்று நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதற்கு உதவாது.

பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில், தீபகற்ப மலேசியாவின் பத்து இருவாட்சி இனங்களும் உள்ளன. பெலும் பகுதி 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் பதிவானது. தெமெங்கோரிலோ உரிமத்துடன் மரம் வெட்டப்பட்டு வந்திருக்கிறது. இதை விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்தான்.

“டீச்சர், எங்க அப்பா பாலாக் லோரி ஓட்டுறாரு. அந்த மரத்துல பொந்து இருந்துச்சான்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

வெட்டவேண்டிய மரங்களுக்கு முன்கூட்டியே குறியிடுவார்கள், பொந்துள்ள மரத்தை விட்டுவைக்க வேண்டியது அப்போதுதான், அது ஓட்டுநர் கையில் இல்லை என்றேன். அவன் தலையசைத்தான். திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

அன்றிரவு அவன் தந்தை ஒலிப்பதிவைக் கேட்டிருந்தார். புலனத்தில் அனுப்பச் சொன்னவர் அவரேதான். “காட்டுல இந்தச் சத்தத்தக் கேட்டிருக்கேன் டீச்சர். குரங்குன்னு நெனச்சேன்” என்று பதில் எழுதியிருந்தார்.