பாலம் மட்டும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் பத்தாந் தர மாணவிகளை அழைத்துக்கொண்டு திருக்கேதீச்சரத்துக்கு ஒருநாட் சுற்றுலாச் சென்றிருந்தோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. அதிகாலை ஐந்து மணிக்கே பஸ் வண்டி கல்லூரி வாயிலில் வந்து நின்றுவிட்டது. இடியப்பப் பொதிகளும் தண்ணீர்ப் போத்தல்களும் ஏற்றப்பட்டன, தேவாரமும் பாடியாயிற்று. ஆயினும் வண்டி நல்லூரைக் கடப்பதற்குள்ளாகவே இரண்டு மாணவிகளுக்கிடையே பேச்சு நின்றுபோயிற்று.

அவ்விருவரும் ஆறாந் தரத்திலிருந்து ஒரே மேசையில் அமர்பவர்கள். ஒருத்தி வராத நாளில் மற்றவளுக்குப் படிப்பு ஓடாது. போகும்போது யன்னலோரம் யாருக்கு, வரும்போது யாருக்கு என்பது வரையில் ஒரு மாதமாகத் திட்டமிட்டிருந்தார்களாம். முதலில் ஏறியவள் சிநேகிதிக்கென இடம் பிடித்து வைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறினாலே சத்தி எடுக்கும் வேறொரு பிள்ளை யன்னலோரம் கிடையாமல் தவித்து நிற்க, அவளைக் கூப்பிட்டு அவ்விடத்தில் இருத்திவிட்டாள். பிந்தி வந்த சிநேகிதி அதைக் கண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. நேரே பின்வரிசைக்குச் சென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருபது வருடங்களாகப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவளுக்கு இத்தகைய பிணக்குகள் புதியனவல்ல. எழுந்து போய் நாலு வார்த்தை புத்தி சொல்லலாம் என்று நினைத்தேன். நட்பாராய்தல் என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கும்போது தமிழாசிரியைக்கு உபதேசத்துக்கா பஞ்சம்? ஆனால் அதற்குள் வண்டி செம்மணி வெளிக்குள் இறங்கி நாவற்குழிப் பாலத்தை அணுகிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு அந்தப் பாலத்தை நடந்து கடந்தவர்கள் இதனை வாசிப்போருள்ளும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை. மாணவர்களுக்காக மட்டும் சில வார்த்தைகள். அம்மாதம் 17 ஆந் திகதி இராணுவத்தின் ‘சூரியக் கதிர்’ நடவடிக்கை ஆரம்பமாயிற்று. படையினர் நகரை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். சில மணி நேரத்துக்குள் இலட்சக்கணக்கான சனங்கள் வீதிக்கு வந்தனர். தென்மராட்சிக்குப் போகிறவர்களிற் பெரும்பாலோர்க்கு அந்தப் பாலமே வழி. வானமோ பொத்துக்கொண்டு ஊற்றியது. செம்மணி என்னும் பெயரைக் கேட்டதும் இன்று வேறு நினைவுகளும் எழும்; அவற்றை இங்கு எழுதப் புகவில்லை.

அப்போது எனக்கு வயது 15. தந்தையை இழந்த குடும்பம் எங்களுடையது. அம்மா தம்பியின் கையைப் பிடித்தபடி முன்னே நடந்தார். நான் எங்கள் பழைய துவிச்சக்கரவண்டியை உருட்டிக்கொண்டு பின்னே போனேன். கைபிடியில் இரண்டு துணிப்பைகள். பின் கரியரில் என் புத்தகப் பெட்டி. சாதாரண நாளில் அரைமணி நேரச் சவாரி. அன்றோ ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்து நிற்கவேண்டியிருந்தது.

செம்மணி வெளியில் என் சிநேகிதியைக் கண்டேன். (பெயரை எழுதினால் அவள் கோபிப்பாள்.) அவர்களுடைய வண்டியில் சின்னஞ்சிறுசுகள் இரண்டை வைத்து அவளுடைய ஐயா உருட்டிக்கொண்டு போனார். அவளது தோளைப் பற்றியபடி ஆச்சி நின்றார். ஆச்சியின் கால்கள் வீங்கியிருந்தன.

“எடி, ஆச்சியாலை இனி ஏலாது. உன்ரை கரியரிலை இருத்திக்கொண்டு போவமே? பாலம் மட்டும் எண்டாலும் போதும்.”

நான் கரியரைப் பார்த்தேன். கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை வீதியோரத்தில் வைக்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பெட்டிக்குள் என் பாடக் கொப்பிகள் அனைத்தும் இருந்தன. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருவதைத் தவிர எனக்கென்று வேறு சொத்து இல்லாத காலம் அது.

“அம்மா பேசுவா” என்றேன்.

அம்மாவுக்கு இது ஒன்றுமே தெரியாது. கேட்டிருந்தால் பெட்டியைத் தாமே தூக்கி எறிந்திருப்பார்.

“சரி” என்றாள் அவள். அதன்பின் சனநெரிசல் எங்களைப் பிரித்துவிட்டது. பிரித்துவிட்டது என்று எழுதுவதும் பொய். கிடைத்த இடைவெளிகளில் நான் வண்டியை வேகமாக உருட்டினேன்.

விடியும்போது கைதடியில் ஒரு மரத்தின் கீழ்ப் பெட்டியை இறக்கினோம். ஊறிப்போயிருந்த காகித மட்டை அடியோடு பிய்ந்தது. கொப்பிகள் கூழாகிவிட்டன. பேனை மையால் வரைந்திருந்த புவியியற் படங்கள் நீலத் தண்ணீராய் வடிந்தன. அவற்றை அம்மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போனோம்.

மூன்று வாரங்களின் பின் சாவகச்சேரிச் சந்தையில் அவளே என்னைக் கண்டு கூப்பிட்டாள். ஆச்சி உயிரோடிருந்தார். வழியில் யாரோ விட்டுச்சென்ற கதிரையொன்றில் அவரை இருத்தி, அவளும் தமையனும் முன்னும் பின்னுமாகத் தூக்கிப் பாலத்தைக் கடந்ததாகத் தமையன் சொன்னார். அவள் சொல்லவில்லை. அவளுடைய கொப்பிகள் உரப்பையொன்றுக்குள் நனையாமல் இருந்தன. “எழுதிப்போட்டுத் தா” என்று ஒவ்வொன்றாகத் தந்தாள்.

அந்த மாரி முழுவதும் நான் அவற்றைப் பார்த்து எழுதினேன். 1990 இலிருந்தே எங்களுக்கு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியது. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு, கம்பியிற் கோத்த திரியை உள்ளே எரியவிடும் விளக்கு அக்காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அவ்வெளிச்சத்தில் அவளுடைய குண்டு எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம், ஒருநாள் அவள் அந்தக் கதையை எடுப்பாள், அப்போது என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்ப்பேன். அவள் எடுக்கவேயில்லை. ஆச்சி மாசி மாதத்திற் காய்ச்சலால் இறந்துபோனார். செத்தவீட்டில் அவளோடு கூட இருந்து அழுதேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

1996 ஏப்ரலில் தென்மராட்சிக்கும் படையினர் வந்தனர். நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அவர்கள் கிளாலியில் வள்ளமேறி வன்னிக்குப் போய்விட்டனர். அதன்பின் ஆறு வருடங்கள்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்து சில வாரங்களில் அவள் எங்கள் படலையில் வந்து நின்றாள். மெலிந்து கறுத்திருந்தாள், சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஆறு வருட ஒத்திகையையும் மறந்து, தட்டுத்தடுமாறி நானே அந்தப் பேச்சை எடுத்தேன். கரியர், பெட்டி, அம்மா பேசுவா என்ற பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தேநீரை ஊதிக் குடித்தபடி சொன்னாள்:

“அண்டைக்கு உன்னட்டைக் கேட்கமுதல் நாலைஞ்சு பேரட்டைக் கேட்டனான். ஒருதரும் ஏத்தேல்லை. அவையின்ரை முகம் ஒண்டும் எனக்கு ஞாபகமில்லை. உன்ரை முகம்தான் ஞாபகம்.”

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அன்றிரவு என் வீட்டிலேயே தங்கினாள், விடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். ‘அதெல்லாம் பழைய கதை, விடு’ என்று அவள் சொல்லியிருந்தால் எங்கள் சிநேகிதம் அன்றோடு மரியாதையாக முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சுற்றுலாவுக்கு வருகிறேன். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே ஒருகாலத்திற் ‘பாதை’ ஏறிக் கடலைக் கடந்தார்கள். 2011 இலிருந்து பாலம் இருக்கிறது. அதன்மேல் மாணவிகள் கூட்டங் கூட்டமாகப் படமெடுத்தனர். அவ்விருவரும் ஒரே படத்தில் இல்லை. பாலாவித் தீர்த்தத்தில் வெவ்வேறு படிகளிற் கால் நனைத்தனர். நான் புத்தி சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்தவளின் மனம் எனக்கு நன்றாகத் தெரியும். தனக்கென்று வைத்த இடம் தனக்கே என்பது பதினைந்து வயதில் மிக நியாயமான எண்ணம். இரவு கல்லூரி வாயிலில் இறங்கும்வரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

என் சிநேகிதி இப்பொழுது கனடாவில் இருக்கிறாள். அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னேன்: இடம் பிடித்தவள், முகந் திருப்பியவள், பாலாவிப் படிகள். அவள் இடைமறிக்காமற் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“அந்தச் சத்தி எடுக்கிற பிள்ளை என்ன மாதிரி? சுகமாய் வீடு போய்ச் சேர்ந்ததோ?”

பகல் முழுவதும் அவ்விருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை இடியப்பம் சாப்பிட்டாளா, எந்த இடத்தில் இறங்கினாள், யார் வந்து கூட்டிச் சென்றார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.