ஓடைக்கரையும் உரிமையும்

கொத்மலைப் பகுதியின் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருக்கும் நாம் சிலரும் எமது மேல்வகுப்பு மாணவரும் கூடி, பாடசாலைக்குக் கீழே ஓடும் ஓடையின் இரு கரைகளிலும் இந்நாட்டு மண்ணுக்கே உரிய மரங்களையும் செடிகளையும் வளர்க்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதனைப் பெருஞ்செயலென்று சொல்லிக்கொள்ள நாம் முன்வரவில்லை. இம்முயற்சியிலே நாம் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம். அதனைப் பகிர்ந்துகொள்வதே எமது நோக்கம்.

எமது ஓடை சிறியது. வறட்சி மாதங்களில் பிள்ளைகள் ஒரே தாவில் அதனைக் கடந்துவிடுவர். ஆயினும் அந்நீர் கொத்மலை ஓயாவிற் சேர்ந்து, நீர்த்தேக்கத்தை நிரப்பி, மகாவலியாகித் திருகோணமலைக் கடல்வரை செல்கிறது. ஒரு பெருமழை பெய்தால் போதும், ஓடை முழுவதும் செம்மண் குழம்பாகிவிடும். கரையிலே மரம் நின்றால் அதன் வேர் மண்ணைப் பற்றும். நிழல் நீரைக் குளிர்விக்கும். உதிரும் இலை நீர்ப்பூச்சிகளுக்கு இரையாகும். அப்பூச்சிகளை மீனும் தவளையும் உண்ணும். மரம் போனால் இந்தத் தொடர் முழுவதும் அறுந்துபோகிறது.

அம்மரங்களை அழித்தவர் யார்? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாக்கிற்று. கண்டிச் சிங்களக் குடியானவன் தலைமுறைகளாகப் பயன்படுத்திய நிலம் இவ்வாறு கோப்பித் துரைமாரின் கைக்கு மாறியது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கவே, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் சேர் ஜோசப் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையின் பயனாக, 5000 அடிக்கு மேலுள்ள காடுகளுக்கு ஓரளவு காப்புக் கிடைத்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்த எமது சரிவுகளுக்கு அதுவும் இல்லை. தண்ணீரின் விளிம்புவரை தேயிலை நட்டார்கள். காட்டை வெட்டிய கைகள் எமது முன்னோரின் கைகளே. ஆனால் வெட்டச் சொன்ன வாய் அவர்களுடையதன்று.

மண் ஓடுவதைப் பற்றிய கவலை பின்னர் வந்தது. 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. சுவீடனின் உதவியோடு கட்டப்பட்ட கொத்மலை அணை 1985இல் நிறைவுற்றது. பள்ளத்தாக்கின் வயல்களும் விகாரைகளும் சிங்களக் கிராமங்களும் நீரில் மூழ்கின. அணையில் வண்டல் சேர்ந்தால் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கேடு என்பதால், மேட்டு நிலங்களில் மரம் நடவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அக்காலத்தில் மலைநாட்டின் பல மொட்டைக் குன்றுகளில் பைனஸ் மரமே வரிசை வரிசையாக நடப்பட்டது. அது விரைவில் உயர்ந்தது. ஆனால் பறவைக்குப் பழமோ, ஓடைப் பூச்சிக்கு ஏற்ற இலையோ அது தரவில்லை. இதற்கு மாறான பாதையொன்றை, 1980களில் கலாநிதி ரணில் சேனாநாயக்க ஊவாவின் மிராவத்தைப் பகுதியில் தொடங்கிய ‘ஒப்புமைக் காடு’ முயற்சி காட்டியது. இயற்கைக் காட்டின் அடுக்கமைப்பை அடியொற்றி, மனிதனுக்கும் பயன்படுமாறு மரங்களை வளர்ப்பதே அதன் தத்துவம். எமக்கு வழிகாட்டியதும் அந்தக் கருத்துத்தான்.

முதலாண்டு நாம் படுதோல்வி அடைந்தோம். நாவற்பழங்களைச் சேர்த்து, கொட்டைகளைக் கழுவி, பயற்றை விதையைக் காயவைப்பதுபோலச் சாக்கிலே பரப்பி ஒரு வாரம் வெயிலில் உலர்த்தினோம். பைகளில் இட்ட முந்நூறு கொட்டைகளில் ஒன்றேனும் முளைக்கவில்லை. விஞ்ஞானம் கற்பிக்கும் எமக்கு இது பெரிய அவமானமாயிருந்தது. அப்பொழுது, தோட்டத்தின் தேயிலைத் தவறணையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர், தம் பேரனைத் தேடி வந்தவர், பைகளைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மாஸ்டர், நாவக்கொட்டைய இப்பிடிக் காயப்போட்டா அது செத்துப்போகும். பழம் விழுந்த ஈரத்துலயே அது மொளைக்கணும்.”

அன்று முதல் எமது தவறணைக்கு அவரே ஆசான். தேயிலைத் துண்டங்களை வேர்விடச் செய்த அனுபவம் முழுவதையும் அவர் எமக்கு அளித்தார். கெக்கில்லாப் பன்னத்தை வெட்டிப் பந்தலுக்கு நிழல் போடச் செய்தார். அத்திப்பழத்தை நீரிலே பிசைந்து, அடியில் தங்கும் மணல்போன்ற விதையை மட்டும் எடுத்து, மண்ணுக்குள் புதைக்காமல் ஈரமேற்பரப்பிலே தூவச் செய்தார். நடுவதற்கு முந்திய வாரங்களில் நிழலையும் நீரையும் சிறுகச் சிறுகக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்கினார். வைகாசி கழித்துத் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் நட்டோம்: நீர்விளிம்பில் தாழையும் பன்னமும், அதற்குமேல் அத்தியும் நாவலும், மேட்டிலே கித்துள்.

விதை தந்தவர் அக்கரைக் கிராமத்துச் சிங்கள விவசாயி ஒருவர். நாம் ‘அத்தி’ என்றோம்; அவர் ‘அட்டிக்கா’ என்றார். இரு சொற்களின் உறவைக் கேட்டு மாணவர் வியந்தனர். நிலத்தை இழந்தவனும் நிலமே இல்லாதவனும் ஒரே மரத்தை ஏறக்குறைய ஒரே பெயரால் அழைக்கிறார்கள் என்பதை எந்தப் பாடநூலும் எமக்குச் சொன்னதில்லை.

கென்யாவின் வங்காரி மாத்தாயை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தமது ஊர் ஓடையருகே நின்ற அத்தி மரம் வெட்டப்பட்டபின் அந்த ஓடையே வற்றியதை அவர் எழுதியிருக்கிறார். 1977இல் அவர் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, படிப்பறியாப் பெண்களால் நாற்று வளர்க்க முடியுமா என்று வனத்துறையினர் ஐயுற்றனர். அப்பெண்கள் கோடிக்கணக்கான மரங்களை வளர்த்துக் காட்டினர். 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. எமது பாட்டியும் அந்த அணியைச் சேர்ந்தவரே.

ஆனால் இரண்டாம் ஆண்டில் இன்னொரு பாடம் காத்திருந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தபோது, மேற்கரையின் கன்றுகள் புல்லோடு புல்லாக வெட்டப்பட்டுக் கிடந்தன. கரையைத் துப்புரவாக்கும்படி உத்தரவு. வெட்டியவர் எமது மாணவன் ஒருவனின் தந்தை. அவர் எம்முன் தலைகுனிந்து நின்றார். அவரை நாம் குறைகூறவில்லை. வெட்ட மறுத்தால் அன்றைய பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. நாம் வாய்மொழியாகப் பெற்ற அனுமதி ஒரு காகிதத்தின்முன் பெறுமதியற்றுப் போயிற்று. கரை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கேளாமலே நாம் மரம் நட்டிருந்தோம்.

அன்று மாலை, வெட்டுண்ட கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: “இது பெருசாகுறப்ப நாங்க இங்க இருப்போமா, மாஸ்டர்?”

இது வெறும் விரக்திப் பேச்சன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவருடைய அக்காள் குடும்பம் 1970களில் நீலகிரிக்குப் போயிற்று. அங்கேயும் தேயிலைத் தோட்டந்தான். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரசாவுரிமை கிடைத்தது. ஆயினும் பாட்டியின் காலடியில் இன்றும் சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இல்லை. ‘இந்த மண்ணுக்கு அந்நியர்’ என்று சொல்லப்பட்டவர்களின் மகள், இந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்த்துக்கொண்டிருக்கிறார்!

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையில் மலையகச் சரிவுகள் பல இடிந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாயின. ஓடைக்கரை மரங்கள் ஒரு மலை சரிவதைத் தடுத்துவிடும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். கரை அரிப்பைத் தடுப்பதே அவற்றால் இயலும். மலைச்சரிவின் கீழ் லயத்தைக் கட்டி மனிதரைக் குடியிருத்துவது வேறு வகைக் குற்றம். அதற்கு மரம் மருந்தன்று. பாதுகாப்பான இடத்தில் சொந்த நிலமும் சொந்த வீடுமே மருந்து.

ஆகவே, மரம் நடுவோம் என்று மாணவரை அழைக்கும் ஆசிரிய நண்பர்கள் மூன்று கோரிக்கைகளையும் சேர்த்து எழுப்பவேண்டும் என்பது எமது துணிபு. ஓடையோர ஒதுக்கு நிலம் தேயிலையிலிருந்து விடுவிக்கப்பட்டு அவ்வாறே குறித்து வைக்கப்பட வேண்டும். கன்று வளர்ப்பது கூலியுள்ள வேலையாக ஏற்கப்பட வேண்டும். அதனை வளர்ப்பவருக்குக் குடியிருக்கும் நிலம் உரிமையாக வேண்டும்.

நாம் மறுபடியும் நட்டோம். இம்முறை எழுத்தில் அனுமதி பெற்ற பின்னரே. கன்றுகளில் பாதிக்குமேல் பிழைத்திருக்கின்றன. அத்தியொன்று இப்போது பாட்டியின் தோளளவு நிற்கிறது. கரையை வெட்டிய அதே தந்தை, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கன்றுகளைச் சுற்றியுள்ள கினிப்புல்லைக் கையால் பிடுங்கிவிட்டுப் போகிறார்.