கழற்றி மாட்டும் கேமரா

ஆவணப்படக் குழுக்களுடன் மொழிபெயர்ப்பாளனாகச் சுற்றுகிற எனக்கு ஒரு வழக்கம் படிந்துவிட்டது. குழு வந்து இறங்கியதும் முதலில் பார்ப்பது இயக்குநரை அல்ல, கேமராவை. அது எவ்வளவு பெரியது என்பதை வைத்தே அன்றைக்கு மொழிபெயர்க்க ஏதாவது தேறுமா என்று சொல்லிவிடலாம். பெரிய கேமராவைக் கண்டதும் நம் ஜனங்கள் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் "உணவு அருந்தினோம்" என்கிறார். அதை ஆங்கிலத்தில் சொல்வது எளிது. சொல்லி ஒரு பயனும் இல்லை.

2024-ல் மும்பை தாராவியில் இதுதான் நடந்தது. மறுவளர்ச்சித் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு, மாடியில் குடியிருப்பவர்களுக்கு தாராவிக்கு வெளியே வாடகை வீடு என்பது விதி. ஒரே ஏணியில் ஏறி இறங்கும் குடும்பங்களை இந்த விதி இரண்டாகப் பிரிக்கிறது. நாங்கள் படம் எடுக்கப் போனது அப்படி ஒரு குடும்பத்தை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இட்லி அவித்து நகரம் முழுக்க விற்கிற குடும்பம்.

முதல் நாள் கேமரா முழு அலங்காரத்தில் வந்தது. முன்னால் பக்க வெளிச்சத்தை மறைக்கும் மேட் பாக்ஸ், லென்ஸ் ஓரத்தில் ஃபோகஸ் சக்கரம், மேலே மானிட்டர், பின்னால் செங்கல் மாதிரி பேட்டரி, எல்லாவற்றையும் தாங்க 15 மி.மீ. கனத்தில் இரண்டு குழாய்கள். இந்தச் சட்டகத்தைத்தான் 'ரிக்' என்கிறார்கள். மொத்த எடை ஆறு கிலோவை நெருங்கும். சந்தில் நுழைந்ததுமே முப்பது பேர் கூடிவிட்டார்கள். இட்லிக்கார அம்மா என்னைத் தனியே அழைத்து, "சர்வேக்காரங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "அரசாங்கம் நல்லதே செய்யும்" என்று கேமராவுக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகன் குடும்பம் மேல்தளத்தில் இருப்பது பற்றி மூச்சு விடவில்லை. கையில் மிச்சம் இருந்தது இரண்டே நாள்.

அன்றிரவு ஒளிப்பதிவாளர் விடுதிக் கட்டிலில் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பினார். கொல்கத்தாக்காரர், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அத்தனை ஜோடனைக்கும் நடுவே இருந்தது 715 கிராம் எடையுள்ள ஒரு சிறிய கேமரா. சோனி எஃப்எக்ஸ்3. ஹாலிவுட்டின் 'தி கிரியேட்டர்' (2023) பெரும்பகுதி இந்த மாடலில் எடுக்கப்பட்டதுதான்.

அவர் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. பெரிய ரிக்கிலிருந்து வேண்டாததைக் கழிக்கவில்லை. வெறும் கேமராவை நடுவில் வைத்து, ஒவ்வொரு பொருளையும் எடுத்து, "இது இல்லாவிட்டால் நாளைக்குப் படப்பிடிப்பு நின்றுவிடுமா?" என்று கேட்டுக்கொண்டார். லென்ஸ் நிற்காமல் முடியாது, 28 மி.மீ. ஒன்று போதும். ஒலி வேண்டும், தீப்பெட்டி அளவு வயர்லெஸ் ரிசீவர் தலையில் ஏறியது. இந்த உடலிலேயே திருகு துளைகள் இருப்பதால் சுற்றிப் போடும் கூண்டு தேவைப்படவில்லை. மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

மற்ற சாமான்களையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. பேட்டரி, மானிட்டர் இரண்டையும் ஒரே தகட்டில் பூட்டினார். ஒரு நெம்பை இழுத்தால் மொத்தமும் கழன்று வரும். கேமராவுக்குப் போவது ஒரே ஒரு ஒயர். முக்காலி, கைப்பிடி எல்லாவற்றின் அடியிலும் ஒரே வகைத் தகடு. (அந்த பேட்டரி 98 வாட்-அவர். 100-ஐத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோக நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு.) எனக்கு நன்னூல் வகுப்பு நினைவுக்கு வந்தது. பகுதி ஒன்றுதான். விகுதி, இடைநிலை, சாரியை எல்லாம் சொல்ல வருவதைப் பொறுத்து வந்து ஒட்டும். கால் அங்குலத் திருகுகளைச் சாரியை என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு இதை விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

இது புதிய கவலை அல்ல. அமெரிக்காவில் கென்னடியின் தேர்தல் பிரசாரத்தைப் பின்தொடர்ந்த 'பிரைமரி' (1960) படக்குழு, முக்காலியிலிருந்து கேமராவைத் தோளுக்கு மாற்றப் பாடுபட்டது. பிரான்சில் ஆட்டான் கேமராக்களை உருவாக்கிய ழான்-பியர் பொவியாலா, கேமரா தோளில் பூனை மாதிரி உட்கார வேண்டும் என்றார். எடையைக் குறைப்பது மட்டுமல்ல, எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். பொவியாலாவின் பூனையில் அது இரண்டும் இருக்கிறது.

மறுநாள் காலை மூன்று மணி. பத்துக்குப் பத்து அறை, ஒரு டியூப்லைட், இரண்டு பெரிய இட்லிக் கொப்பரை. ஏ.சி. அறையிலிருந்து வந்த லென்ஸ் ஆவி பட்டால் உடனே பூத்துவிடும் என்று அரை மணி நேரம் முன்பே கேமராவை வெளித்திண்ணையில் வைத்திருந்தார். தனியாக விளக்கு போடவில்லை. ஐஎஸ்ஓ 12,800-ல் இந்த கேமராவுக்கு டியூப்லைட் தாராளம். உள்ளே அவர் மட்டும் போனார். நானும் இயக்குநரும் சந்தில் நின்றோம். அம்மாவின் முந்தானையில் செருகிய மைக்கின் ஒலி இன்னொரு ரிசீவர் வழியாக என் காதுக்கு வந்தது. முதல் ஈடு இறங்கும்வரை பேச்சே இல்லை. பிறகு மாவை ஊற்றிக்கொண்டே மருமகளிடம் பேச ஆரம்பித்தார். "மேல இருக்கவங்களுக்கு இங்க வீடு கிடையாதாம்லா. நீ அங்க போயிட்டா இந்தக் கொப்பரைய யாரு எறக்குவா?" நான் அதை இயக்குநரின் காதில் சொன்னேன். இத்தனை நாள் திட்ட அறிக்கைகளில் படித்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

விடிந்ததும் மகன் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டி, ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு கிளம்பினார். இயக்குநர் கிம்பல் வேண்டும் என்றார். நடுக்கமே இல்லாமல் மிதந்து போகும் காட்சிக்கு அது சரிதான். ஆனால் அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். தவிர, கிம்பல் காட்சிகளைப் பார்த்தால் எனக்குக் கல்யாண வீடியோ ஞாபகம்தான் வருகிறது. ஒளிப்பதிவாளர் கழுத்துப் பட்டையை இறுக்கி, கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். சற்று ஆடியது. சைக்கிளும்தான் ஆடியது.

மூன்றாம் நாள் உட்கார்ந்து பேசும் பேட்டி. சிறிய கேமராவே போதும் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அம்மா பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்தார். "மொத நாள் ஒரு பெரிய கேமரா கொண்டாந்தீங்களே, அது எங்க?" தன் வழக்கைச் சொல்ல வந்தவருக்கு ஒரு கிலோ கேமரா மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது. ஒளிப்பதிவாளர் மறுபேச்சு இல்லாமல் முக்காலியை விரித்தார். பின்தகடு, மானிட்டர், மேட் பாக்ஸ், ஒலிக்கான கைப்பிடி என்று ஐந்து நிமிடத்தில் பழைய ஆனை மறுபடி நின்றது.

இந்த முறையும் மேடைத் தமிழ்தான். ஆனால் இப்போது அதில் பயம் இல்லை. எந்த வருஷம் வந்தார், யாரிடம் அறை வாங்கினார், எந்த வருஷம் மாடி எடுத்தார் என்று ஒவ்வொன்றாக, கோர்ட்டில் சொல்வது போலச் சொன்னார். நானும் அதற்கேற்ற ஆங்கிலத்துக்கு மாறினேன். கடைசியில் மடியிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்து, 1996-ஆம் வருஷத்து கரண்ட் பில்லை லென்ஸுக்கு வெகு அருகில் நீட்டினார். எழுத்து ஃபோகஸில் நிற்கவில்லை. குளோஸ்-அப் கண்ணாடியைத் திருக வேண்டும். அதற்கு மேட் பாக்ஸைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றி முடிக்கும்வரை அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.