ட்ரிப்புக்குப் போய் என்னத்தப் பாத்தாங்க?



பரீட்சை முடிந்துவிட்டது. பாடசாலைகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிட்டது. சென்ற வாரம் சந்தையில் ஒரு உம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். கைத்தறியில் சாரன் நெய்து பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர்.

"டீச்சர், போன முறை ஆறாயிரத்தி ஐந்நூறு ரூபா சல்லி கட்டின. என்னத்தப் பாத்தாய் மகன் எண்டு கேட்டா, பஸ்ஸுல பாட்டுப் போட்டாங்க எண்டு செல்றான். நுவரெலியாவுல என்னத்தப் பாத்தாய் எண்டா, ஒரே வாகனம் எண்டு செல்றான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாள் தறியில் இருந்தால் அந்தக் காசு வரும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இருபது வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். அநேகமாக ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளோடு எங்காவது போய் வந்திருக்கிறேன். "சும்மா போன டீச்சர், ஒண்டுமே இல்ல" என்று பிள்ளைகள் சொல்லும் இடங்கள் எனக்கு மனப்பாடம். அதில் முதலாமிடம் எப்போதும் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுக்குத்தான்.

இஷாவுக்குப் பிறகு எங்கள் கரையிலிருந்து பஸ் புறப்படும். விடிய நுவரெலியா. சுபஹ் தொழுது, பாணும் சம்பலும் சாப்பிட்டு, வாந்தி எடுத்த பிள்ளையின் உடுப்பை மாற்றி, காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேடி, பட்டிப்பொலை வழியாகச் சமவெளி வாசலுக்கு வரும்போது ஒன்பதரை. டிக்கட் எடுத்து, பொலித்தீன் இருக்கிறதா என்று பைகளைச் சோதித்து உள்ளே விடும்போது பத்தைத் தாண்டிவிடும். பிறகு நாலு கிலோமீற்றர் அளவில் நடை. பதினொன்றரைக்குப் பிள்ளைகள் விளிம்பில் நிற்பார்கள். முன்னால் வெள்ளைச் சீலை கட்டித் தொங்கவிட்டது போல முகில். கீழே 800 மீற்றருக்கும் அதிகமான பள்ளம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், அவர்கள் நம்ப வேண்டும். ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், உலகம் முடிஞ்சிட்டா, இன்னும் தொடங்கலியா?"

இடத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காலை வெயில் தெற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கைச் சூடாக்க, ஈரக்காற்று மலைச்சுவரோடு மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகிறது. தரம் 10க்குக் கரும்பலகையில் நான் கீறிக் காட்டும் படம்தான் இது. பெரும்பாலான நாட்களில் ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு அங்கே நடப்பது இதுவே. வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. ஒரு ஜனவரியில் குடும்பத்தோடு போய் நுவரெலியாவில் தங்கி, ஏழரைக்கு அந்த விளிம்பில் நின்றோம். கீழே தேயிலைத் தோட்டத்து லயன்கள் தீப்பெட்டி போல. தூரத்தில் ஒரு குளம் கண்ணாடி போல மின்னியது. என் சின்ன மகன் வாப்பாவின் சாரனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதே கல், அதே விளிம்பு. பாடசாலைப் பிள்ளைகள் பார்த்ததெல்லாம் முகிலும், வாகனத் தரிப்பிடத்தில் பிஸ்கட்டுக்கு வந்து நிற்கும் மரையும்தான். (மரைக்குத் தீனி கொடுப்பது தடை. அதையும் நாம்தான் பழக்கிக் கெடுத்தோம்.)

ஏன் ஆறு மணிக்குப் போக முடியவில்லை? நிகழ்ச்சி நிரலில் அது மூன்றாவது இடம். அதற்குப் பிறகு இன்னும் எட்டு இருக்கிறது. ஒரு பயணத்தில் நான் நேரம் குறித்துக்கொண்டே வந்தேன். பதினொரு இடங்கள். பஸ்ஸுக்குள் 27 மணித்தியாலம். இறங்கி நின்ற நேரம் எல்லாம் சேர்த்து ஒன்பது மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. சாப்பாடு, தொழுகை, மலசலகூட வரிசை, ஆள் எண்ணுவது எல்லாம் அதற்குள்தான். அப்படியென்றால் "பஸ்ஸுல பாட்டுப் போட்டாங்க" என்று சொன்ன பிள்ளை பொய் சொல்லவில்லை.

இதில் பெற்றாருக்கும் பங்கு உண்டு, கோபிக்க வேண்டாம். கூட்டத்தில் ஐந்து இடம் என்று சொன்னால், "அந்தப் பாடசாலையில் பன்னிரண்டு இடம் காட்டினாங்களே" என்று உடனே ஒரு குரல் வரும். கொடுத்த சல்லியை இடங்களின் எண்ணிக்கையால் பிரித்துப் பார்க்கிறோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு நீர்வீழ்ச்சி ஓடி மறைந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கு வைத்துக்கொள்கிறோம்.

ஏப்ரலில் நுவரெலியாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாமெல்லாம் கடற்கரைச் சூட்டிலிருந்து தப்பி அங்கே ஓடுகிறோம். கொழும்பும் அதே வாரத்தில் ஓடி வருகிறது. கிரகரி வாவியைச் சுற்றி வாகனத்துக்குள் இருந்தே ஒரு மணித்தியாலம் போய்விடும். எல்லவின் ஒன்பது வளைவுப் பாலம் நூறு வருடம் தாண்டிய அருமையான கட்டுமானம். ஆனால் பிள்ளைகள் மனதில் இருப்பது பாலம் அல்ல, பாலத்தின் மேல் புகையிரதம் போகும் படம். நேரம் பார்க்காமல் போனால் வெறும் பாலமும், படம் எடுக்க முண்டியடிக்கும் சனமும்தான்.

தலவாக்கலை சென். கிளேயர் நீர்வீழ்ச்சி வேறு விதம். பழைய படங்களில் அகலமாக வெள்ளையாக இறங்கும். பிள்ளைகள் பார்த்தபோது பாறைதான் அதிகம், தண்ணீர் குறைவு. "படத்துல இருக்கிற மாதிரி இல்லையே" என்று கேட்டார்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவொற். ஆற்று நீரில் பெரும் பகுதி சுரங்கத்துக்குள் போகிறது. வீட்டில் மின்விசிறி சுற்றுவதற்கும் இந்தப் பாறை காய்ந்திருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று பஸ்ஸை நிறுத்திச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் நிரலில் இல்லை.

இன்னொரு விசயம். ஆண் ஆசிரியர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது, அதனால் எழுதுகிறேன். பெண்பிள்ளைகளில் பலர் இந்தப் பயணங்களில் தண்ணீர் குடிப்பதே இல்லை. போகும் வழியில் எங்கே நிறுத்துவார்கள், அங்கே கதவு பூட்டுமா, தண்ணீர் வருமா என்று தெரியாது. கொண்டு வந்த போத்தல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். ஒரு பிள்ளை தலையிடியோடு இரண்டாவது நாள் முழுக்கப் பின் சீற்றில் படுத்திருந்தாள். சிகிரியாவில் எல்லோரும் ஏறினார்கள், அவளும் நானும் பஸ்ஸில். அவளுக்கு அந்தச் சிகிரியா எப்படியான இடமாக ஞாபகம் இருக்கும்?

எதிர்ப்பக்கமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் எல்லோருக்கும் முதலில் ஏமாற்றம்தான். வெந்நீரூற்று என்றதும் பிள்ளைகள் ஆவி பறக்கும், நீர் பீறிட்டுப் பாயும் என்று நினைத்து வருவார்கள். அங்கே இருப்பது கரை கட்டிய ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். வாளியால் அள்ளிக் குளிக்கும் சனம். "இவ்வளவுதானா டீச்சர்?" ஒரு முறை விஞ்ஞானகூடத்திலிருந்து வெப்பமானிகளை வாங்கிக்கொண்டு போனோம். குழுவுக்கு ஒன்று. ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை என்று கண்டுபிடித்ததும் சத்தம் போட்டுச் சண்டை தொடங்கியது. எங்கள் கிணறுதான் கூட, இல்லை எங்களுடையது. திரும்ப அளந்தார்கள். அருகருகே இருக்கும் கிணறுகளில் ஏன் வித்தியாசம், எரிமலை இல்லாத நாட்டில் தண்ணீர் ஏன் சுடுகிறது என்று அவர்களே கேட்டார்கள். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, மேலே திரும்பி வருகிறது என்று சொன்னேன். நம் நாட்டின் வெந்நீரூற்றுகளில் பல அம்பாந்தோட்டைப் பக்கமிருந்து திருகோணமலை வரை ஒரு வரிசை போலக் கிடக்கின்றன. நிலத்துக்கடியில் இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டிய வரிசை அது. அது நம் அம்பாறை மாவட்டத்துக்குள்ளாலும் போகிறது என்றதும் ஒருவன், "அப்ப நம்மட ஊருக்குக் கீழயும் சுடுமா?" என்றான். அன்று ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். இன்னும் நிற்கக் கேட்டார்கள்.

ஆகவே இந்த முறை எங்கள் வகுப்புக்கு நான் கேட்டிருப்பது ஒரே நாள், ஒரே இடம்: மஹாஓயா வெந்நீர்க் கிணறுகள். கன்னியாவை விடச் சூடு கூட. சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் மஃரிபுக்குள் வீடு. படம் எடுத்துப் போட அழகான இடம் இல்லை என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். அங்கே முட்டை அவியும் என்று ஒரு கதை உண்டு, அதையும் வெப்பமானியோடு சோதிக்கப் போகிறோம். கட்டணம் போன முறையில் மூன்றில் ஒன்றுகூட வராது. போன முறை காசு இல்லாமல் என் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பெயர் கேட்டபோது, "எனக்கு பஸ்ஸுல தல சுத்தும் டீச்சர்" என்று ஐந்து பேர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். இந்த முறை அந்த எட்டுப் பேரும் பெயர் தந்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அதிபரின் அனுமதி இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு உதவி. அம்பாறையிலிருந்து மஹாஓயா போகும் வழியில், நாற்பது பெண்பிள்ளைகள் இறங்கிப் போகக்கூடிய, தண்ணீர் வரும், கதவு பூட்டும் மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று அண்மையில் அந்தப் பக்கம் போனவர்கள் கீழே எழுதுங்கள். பள்ளிவாசலாக இருந்தாலும் சரி, கடையாக இருந்தாலும் சரி. நான் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.